கீழே வைத்த கோப்பை

ரம்ஸ்,
ராஸ் அல் கைமா.
பேரீச்சை பழுக்கத் தொடங்கிய வாரம்.

என் மகன் கானிமுக்கு,

உன்மேல் அல்லாஹ்வின் சாந்தி நிலவட்டும். லண்டனில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே நானும் ஆடுகளும் நலம்.

என் வாழ்நாளில் நான் எழுதும் முதல் கடிதம் இது. முதல் கடிதத்தையே உன்னைத் திட்டுவதற்காக எழுத வேண்டியிருக்கிறது. திட்டத்தான் போகிறேன். ஆனாலும் எழுதுகிறேன் என்கிற சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். நான் மனதில் நினைத்தது அப்படியே தாளில் இருக்கிறது. உனக்கு இது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. இதிலுள்ள அதிசயம் உனக்குத் தெரியாது.

ஃபோனில் பேசலாமே என்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் நீ வக்கீல். கிழிப்பதற்கு முன்னால் கடைசி வரிவரை படிப்பாய்.

முதலில் வீட்டுச் செய்திகள். வாசலில் நீ வாங்கி வைத்த தண்ணீர்க் குளிரூட்டி நடுவில் பழுதாகிவிட்டது. மெக்கானிக்கை வரவழைத்துச் சரி செய்துவிட்டேன். பக்கத்து மனையில் வீடு கட்டும் ஆட்கள் காலையிலும் மாலையிலும் வரிசையில் நின்று பாட்டில்களில் பிடித்துப் போகிறார்கள். உன் அம்மா மௌத்தான வருடம், அவளுக்கு நன்மை போய்ச் சேரட்டும் என்று நீயே துபாயிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தாய். பெயர்ப் பலகை ஒன்று வைக்கலாமா என்று கடைக்காரன் கேட்டபோது, எங்கள் வீட்டுப் பெண்கள் பெயரை வாசலில் எழுதுவதில்லை என்று நீதான் சொன்னாய். நான் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் முதியோர் கல்வி வகுப்புக்குக் கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள். ஆகவே இந்தக் கடிதத்தில் பிழைகள் இருந்தால் திருத்த ஆளில்லை. எதிர்க் கடையின் பலகையில் இருப்பது முதலாளியின் பெயர் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். 'துணி துவைத்து இஸ்திரி போடப்படும்' என்று எழுதியிருக்கிறது. இதைச் சொன்னதும் தர்வீஷ் நம்பவில்லை. அவனும் என் கூடத்தான் படிக்கிறான். தெருவைக் கடந்து போய், பலகைக்குக் கீழே நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, "ஆமாண்டா, துவைக்கிறாங்களாம்" என்றான். இரண்டு கிழவர்களும் நடுத்தெருவில் நின்று சிரித்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பு தொடங்கிய புதிதில், உங்களுக்குப் பிடித்த ஒரு சொல்லை எழுதுங்கள் என்று வாத்தியார் சொன்னார். தர்வீஷ் தன் படகின் பெயரை எழுதினான். நான் என் சிலேட்டில் உன் அம்மாவின் பெயரை எழுதினேன். வாத்தியார் என் பக்கம் வருவதற்குள் உள்ளங்கையால் அழித்துவிட்டு, 'கடல்' என்று எழுதி வைத்தேன். எந்தப் பெயரை வெளி ஆள் முன்னால் ஒரு தடவைகூட நான் சொன்னதில்லையோ அந்தப் பெயரைத்தான் முதலில் எழுதக் கற்றேன். கடைத்தெருவில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் 'கானிமின் தாய்' என்பேன். நம் ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான். அவள் கபரிலும் பெயர் இல்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். அவ்வளவே நம் வழக்கம்.

இனி எதற்காக எழுதுகிறேனோ அதற்கு வருகிறேன்.

ஒரு விடியற்காலையில் தர்வீஷும் நானும் மீன் கூண்டுகளைத் தூக்கிப் பார்க்கப் படகில் போனோம். குளிர்காலத்திலிருந்தே தூரத்தில் ஒரு துருப்பிடித்த சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. கரையிலிருந்தே தெரியும். அதன் பக்கக் கம்பியில் ஏதோ வெள்ளையாகக் கட்டியிருந்தார்கள். படுக்கை விரிப்பு. அதில் கறுப்புப் பெயிண்டால் எழுதியிருந்தது. எனக்குக் கிட்டப் பார்வைதான் மோசம், தூரப் பார்வைக்கு ஒன்றுமில்லை. படகு ஆடிக்கொண்டிருந்தபோதே முதல் சொல்லைப் படித்துவிட்டேன். கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நான் அழித்த அதே ஐந்து அரபு எழுத்துகள்.

இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஸலாமா.

'ஸலாமா, எங்களை வீட்டுக்கு அனுப்பு. ஸலாமா, தண்ணீர் கொடு.' அவ்வளவுதான் அந்த விரிப்பில் இருந்தது.

உலகத்தில் எத்தனையோ ஸலாமாக்கள் இருக்கிறார்கள் என்று தர்வீஷ் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அந்தப் பெயரைச் சொல்லி ஒருவன் தண்ணீர் கேட்கும்போது நான் எப்படிக் கூண்டு தூக்கிக்கொண்டிருப்பது? படகிலிருந்த தண்ணீர் கேன்கள், ரொட்டி, வெங்காயம், எலுமிச்சை எல்லாவற்றையும் கயிறு கட்டி மேலே ஏற்றினோம். அவர்கள் ஏணியை இறக்கினார்கள். காபிக் குடுவையோடு நான் ஏறினேன். வேண்டாம் என்று தர்வீஷ் கத்தினான். பிறகு அவனும் ஏறினான்.

மேலே இருந்தவர்களில் அரபு பேசத் தெரிந்தவன் ஒருவன்தான். கப்பலின் துணை அதிகாரி. போர்ட் சூடான்காரன், ஓஷேக் என்று பெயர். உன் வயதுதான் இருக்கும், ஆனால் தாடி நரைத்துவிட்டது. மற்றவர்கள் பர்மா நாட்டுக்காரர்கள். குளிப்பதற்குக் கடல்நீர், குடிப்பதற்கு ஏசி இயந்திரத்திலிருந்து சொட்டும் நீர். டீசல் தீர்ந்ததும் அந்தச் சொட்டும் நின்றுவிட்டது. சம்பளம் வந்து வெகுகாலம் ஆயிற்று. கரைக்கு இறங்கலாம் என்றால், கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாது, முதலாளி கையெழுத்துப் போட்டு மாற்று ஆள் அனுப்பினால்தான் இறங்க விடுவோம் என்று துறைமுகத்தில் சொல்கிறார்கள். அந்த முதலாளியைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். முதலாளியின் பெயர் ஸலாமா. அது ஒரு பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், கானிம். பணக்கார அம்மா ஒருத்தி மாளிகையில் உட்கார்ந்துகொண்டு தங்களைப் பட்டினி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பர்மாக்காரச் சமையல்காரன் ஒருவன் காலையில் காலிப் பானையைத் தட்டி, அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிவிட்டுத்தான் அடுப்பங்கரைக்குள் போவானாம். ஓஷேக் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். அவன் வாங்கினான். குடிக்காமல் தரையில் வைத்தான். அது என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றைக் கேட்டு வந்தவன் கோப்பையைக் கீழே வைத்தால், பதில் கிடைக்கும்வரை தொட மாட்டான். நம் ஊர்ப்பக்கம் வேலை பார்த்தபோது கற்றிருக்கிறான். நான்தான் அவன் கப்பலுக்கு வந்த விருந்தாளி. ஆனால் காபி என்னுடையதல்லவா?

"ஹாஜி, நீங்க இந்த ஊர்க்காரர். அந்த அம்மாவை எங்கயாவது பாத்தீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க நல்லவங்களாத்தான் இருப்பாங்க. கூட இருக்கிறவங்கதான் விஷயத்தை அவங்க காதுல போடல. மேனேஜர்னு ஒருத்தன் இருக்கான், கானிம் கல்ஃபான்னு பேரு. ஃபோனே எடுக்க மாட்டேங்கிறான்" என்றான்.

என் பெயரை நான் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. தர்வீஷ் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நீங்க இங்க இருக்க மாட்டீங்க. குடி" என்றேன்.

அவன் குடித்தான். 'குடி' என்று சொன்ன பிறகு நான் கட்டுப்பட்டவன்.

திரும்பி வரும்போது தர்வீஷ்தான் படகை ஓட்டினான். கரை தெரிந்ததும், "இதுக்குத்தான்டா படிக்க வேணாம்னு சொன்னேன். எழுத்துத் தெரியாம இருந்திருந்தா இந்நேரம் மீனோட நிம்மதியா வந்திருப்போம்" என்றான்.

அன்று மாலை உனக்கு ஃபோன் செய்தேன். நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் நினைவிருக்கட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன். ஏன் அந்தப் பெயரை வைத்தாய் என்று கேட்டதற்கு, பதிவு செய்யும் இடத்தில் நீ கொடுத்த பெயர்களெல்லாம் ஏற்கெனவே வேறு ஆட்களுக்குப் போய்விட்டன, அவசரம், ஸலாமா என்றால் 'பாதுகாப்பு' என்றுதானே பொருள், கப்பல் கம்பெனிக்குப் பொருத்தமாக இருந்தது என்றாய். உடனே, அம்மா பெயர் எங்காவது இருக்கட்டும் என்று ஆசையாக வைத்தேன் என்றாய். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் சொன்னால் இரண்டும் பொய் என்று எனக்குப் படுகிறது. நீதிமன்றத்தில் எப்படியோ.

கப்பல் யாருடையது என்று கேட்டேன். சொல்லக் கூடாது, ரகசியம் என்றாய். உன் வேலை பெட்டி செய்வது மட்டும்தான், பெட்டிக்குள் என்ன வைக்கிறார்கள் என்று பார்ப்பது உன் வேலை இல்லை என்றாய். நீ அந்தப் பெட்டியைச் செய்து காட்டிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். பெருநாளுக்கு வந்திருந்தாய். கூடம் நிறைய ஆட்கள். காபிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாய். உள்ளே இருப்பது கப்பல், அதை வைத்திருப்பது வரி இல்லாத ஃப்ரீ ஜோனில் பதிவு செய்த இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனியை வைத்திருப்பது வேறொரு ஃப்ரீ ஜோன் கம்பெனி, அதற்கு மேலே எங்கோ ஒரு தீவில் இன்னொன்று. ஒன்று உடைந்தாலும் மற்றதில் கீறல் விழாது என்றாய். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். நானும்தான். என் மகனைப் பார் என்று இருந்தது எனக்கு. உள்ளே இருக்கும் கோப்பையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்று நீ சொல்லவில்லை. ஒரு கோப்பையின் பெயர் உன் அம்மாவின் பெயர் என்றும் சொல்லவில்லை.

கடைசியாக நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "விடுங்க வாப்பா, லைசென்ஸ் முடியப்போகுது. கம்பெனியையே கலைச்சிடுவோம். அப்புறம் அந்தப் பேரே இருக்காது" என்றாய். அவளைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி அனுப்பிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டேன். கலைத்துவிட்டால் அந்த மனிதர்களுக்குக் கையெழுத்துப் போட உலகத்தில் யார் மிஞ்சுவார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் மீட்டிங் என்று வைத்துவிட்டாய்.

கம்பெனிக்கு முறைப்படி முகவரி இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாயே, அந்த முகவரிக்கும் போனேன். டாக்சிக்காரன் கண்ணாடிக் கட்டிடம் ஒன்றின் வாசலில் இறக்கிவிட்டான். பலகைகளைப் படித்துக்கொண்டே மாடி ஏறினேன். ஒன்றையும் தவறாகப் படிக்கவில்லை. வரவேற்பில் இருந்த லெபனான்காரப் பெண் மரியாதையானவள். ஸலாமா கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். வெளி ஆளிடம் அந்தப் பெயரைச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் ஒரு அறையைத் திறந்து, "அந்த மேசைதான் மாமா" என்று கை காட்டினாள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. அந்த மேசையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். நிறையக் கம்பெனி இருக்கிறது, ஆள்தான் யாரும் வருவதில்லை என்றாள். நான் அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஏசி நன்றாகக் குளிர்ந்தது. அந்தப் பெண் என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இங்கே குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது, ஆள் இல்லை. அங்கே ஆள் இருக்கிறார்கள், தண்ணீர் இல்லை. இரண்டும் ஒரே பெயரில். இதற்குப் படித்தவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் காலத்தில் இதற்கு ஒரு சொல் இருந்தது. அதை உனக்கு எழுத எனக்கு மனம் வரவில்லை.

எழுதிக் கை வலிக்கிறது. நடுவில் எழுந்து ஆடுகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

முந்தாநாள் மறுபடியும் கப்பலுக்குப் போனோம். அந்தப் பக்கம் போகவே கூடாது, நான் உன் தகப்பன் என்று தெரிந்தால் உனக்கு ஆபத்து என்று சொன்னாயல்லவா? அதனால்தான் போனேன். தண்ணீர், அரிசி, மீன் எல்லாம் ஏற்றினோம். கூடவே கடையில் வாங்கிய வெள்ளைத் துணி, ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட், ஒரு பிரஷ்.

ஓஷேக்கைக் கூப்பிட்டு, ஸலாமா என் வீட்டுக்காரி, அவள் மௌத்தாகிவிட்டாள், அந்த மேனேஜர் என் மகன் என்று சொன்னேன். அவன் தன் ஆட்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பிறகு ஓஷேக் கேட்டான்: "அப்ப, அன்னைக்கு என்னைக் குடிக்கச் சொன்னது யாரு ஹாஜி? இந்த ஊர்க்காரரா, அவன் வாப்பாவா?"

"ரெண்டு பேரும்தான்" என்றேன்.

அவன் மன்னித்தான் என்றோ மன்னிக்கவில்லை என்றோ எனக்குத் தெரியாது. நான் அதற்காகப் போகவில்லை. மேல்தளத்தில் துணியை விரித்து, முழங்காலிட்டு, அந்த வாசகத்தையே என் கையால் எழுதினேன். முதல் சொல்லை மட்டும் மாற்றினேன். 'கானிம் பின் கல்ஃபான், எங்களை வீட்டுக்கு அனுப்பு. கானிம் பின் கல்ஃபான், தண்ணீர் கொடு.' உன் பெயரை முழுதாக எழுதினால் என் பெயரும் வந்துவிடுகிறது. வரட்டும். முதல் எழுத்தின் தலைப்புள்ளி கொஞ்சம் ஒழுகிவிட்டது. மற்றபடி நன்றாக வந்திருக்கிறது. நான் இதுவரை எழுதியதிலேயே பெரிய எழுத்துகள் அவைதான். தர்வீஷ் கூட நின்று எழுத்துப் பிழை பார்த்தான். கரையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

பழைய விரிப்பை அவிழ்த்தவன் அந்தச் சமையல்காரன்தான். தினமும் அவளைத் திட்டியவன். ஓரங்களைச் சேர்த்துப் பிடித்து, பெயர் உள்பக்கம் போகும்படி மடித்து, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தான். அது இப்போது அவள் அறையில் இருக்கிறது.

நீ செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. அந்தக் கம்பெனிக்கு மேனேஜர் நீ. கலைப்பதற்கு முன்னால், அந்த மனிதர்கள் இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு கையெழுத்துப் போடு. போட்டால் மேலே இருப்பவன் கோபப்படுவான், உன் வேலைகூடப் போகலாம் என்று எனக்குத் தெரியும். நான் எழுபது வயதுக்கு மேல் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். அதுவரை எங்கே கேட்டாலும் கட்டைவிரலைத்தான் நீட்டினேன். அந்த விரலால் நான் வைத்த எந்த முத்திரைக்கும், அது நானில்லை, வெறும் பெயர்தான் என்று சொன்னதில்லை.

இதை எழுதும்போது கூடத்தில், நீ வந்தால் உட்காரும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். குங்குமப்பூ போட்டுக் காபி காய்ச்சினேன். உன் இடத்தில் ஒரு கோப்பை, எனக்கு ஒன்று. என் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். தகப்பனாக உத்தரவு போடலாம். ஃபோனில் போட்டும் பார்த்தேன், நீ கேட்கவில்லை. ஆகவே இன்றைக்கு உன்னிடம் கேட்டு வந்தவனாக உட்கார்ந்திருக்கிறேன். நான் இந்த வீட்டில் இனி காபி குடிப்பது உன் பதிலைப் பொறுத்தது. 'குடியுங்கள் வாப்பா' என்று நீதான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும். உன் கண்ணை, உன் உடம்பை, எல்லாவற்றுக்கும் மேலாக உன் வலது கையை. உன் அம்மா அந்தக் கையைப் பிடித்துத்தான் உனக்கு முதல் எழுத்து எழுதக் கற்றுக்கொடுத்தாள்.

காபி ஆறிவிட்டது. காத்திருக்கிறேன்.

உன் வாப்பா,
கல்ஃபான் பின் மதர்

(கையெழுத்து நானே போட்டது.)